ஏட்டுச் சுரைக்காயும் எங்க பக்கத்து வாழையும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா எங்க ஊர் டீக்கடையில ஒரு வாரத்துக்கு அரசியல் கிடையாது. யார் பையன் எந்தக் காலேஜ், யார் பொண்ணு என்ன குரூப், எவ்வளவு பீஸ், எந்த பேங்க்ல லோன். இதுதான் பேச்சு. கடைசியில யாராவது ஒரு பெருசு, "என்னத்தப் படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறானுவ, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது"ன்னு சொல்லி முடிப்பார். எல்லாரும் தலையாட்டுவாங்க. அடுத்த நாள் காலையில அதே பெருசு பேரனைக் கூட்டிக்கிட்டு கவுன்சிலிங்குக்கு பஸ் ஏறுவார்.

இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாத்தான் விஷயம் புரியும். வாயில அனுபவம், மனசுல பட்டம். நம்ம ஜனங்க முட்டாள்கள் இல்லை. ரெண்டும் வேணும்னு அவங்களுக்குத் தெரியும். எது எதுக்கு வேணும்னு பிரிச்சுப் பேசத்தான் யாரும் உட்காரலை.

நகரத்துல இருந்து இதைப் படிக்கிற நண்பர்கள் பலர் ஃபோன்ல பேசும்போது இதையே வேற மாதிரி சொல்றாங்க. "காலேஜ்ல நாலு வருஷம் வீணாப் போச்சு சார், வேலைக்குப் போன முதல் ஆறு மாசத்துலதான் எல்லாம் கத்துக்கிட்டேன். உங்களுக்கு மண்ணே பள்ளிக்கூடம், கொடுத்து வெச்சவங்க." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த ஆறு மாச வேலைக்குள்ள உங்களை உள்ள விட்டது அந்த நாலு வருஷக் காகிதம்தான்ங்கிறதை வசதியா மறந்துடுறாங்க. மண் பள்ளிக்கூடம்தான், மறுக்கலை. அங்க பரீட்சையில ஃபெயில் ஆனா ஒரு வருஷச் சாப்பாடு போயிடும்.

எங்க பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்குவோம். முக்கொம்புக்கு பிக்னிக் போயிருப்பீங்க. காவிரி அங்க ரெண்டாப் பிரிஞ்சு, வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரின்னு ஸ்ரீரங்கத்தைத் தீவா நடுவுல விட்டுட்டுப் போகுது. ரெண்டும் மறுபடி நெருங்கி வர்ற இடத்துல கல்லணை. 1800களின் ஆரம்பத்துல என்ன பிரச்சினைன்னா, கொள்ளிடத்துப் படுகை தாழ்வு, காவிரிப் படுகை மணல் ஏறி மேடாயிடுச்சு. தண்ணி பூரா கொள்ளிடத்துல இறங்கி வீணா கடலுக்குப் போகும். தஞ்சாவூர் காஞ்சு கிடக்கும். அதுக்காக 1836-ல மேலணை கட்ட ஆரம்பிச்சவர் ஆர்தர் காட்டன். இங்கிலாந்துல கம்பெனியோட ராணுவப் பள்ளியில படிச்சு, பதினாறு வயசுல அதிகாரியான ஆள். ஏட்டுப் படிப்புக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனா ஆத்து மணல்ல அணை கட்டுறது எப்படி? தோண்டத் தோண்ட மணல். பாறை எங்க இருக்குன்னு தெரியாது. அதுக்கான பதில் அவருக்கு ஏட்டுல கிடைக்கலை, கல்லணையில கிடைச்சது. பெரிய பெரிய கல்லை மணல் மேல போட்டா, ஓடுற தண்ணி அடியில மணலை அரிக்கும், கல்லு தானா இறங்கும். அதுக்கு மேல இன்னொரு கல். இறங்கி இறங்கி ஒரு இடத்துல அசையாம நிக்கும். அதுக்கு மேல கட்டடம். எந்தக் காலேஜும் பார்க்காத யாரோ கண்டுபிடிச்சது. இதை இங்கிருந்துதான் கத்துக்கிட்டோம்னு காட்டனே எழுதி வெச்சிருக்கார். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

இதோட நிறுத்திட்டு, "பார்த்தியா, அனுபவம்தான் பெருசு"ன்னு கைதட்டுற ஆட்கள் நிறைய. வாட்ஸப்புல இந்தக் கதை எனக்கே பத்து தடவை வந்திருக்கு. அடுத்த பாதியை யாரும் அனுப்புறதில்லை. கல்லணையில இருந்த அந்த வித்தை எத்தனையோ நூற்றாண்டு கல்லணையிலேயேதான் இருந்தது. காட்டன் அதைப் பார்த்து, ஏன் நிக்குதுன்னு யோசிச்சு, முக்கொம்புல செஞ்சு, அப்புறம் கோதாவரியில தவளேஸ்வரத்துக்குக் கொண்டு போனார். 1852-ல அங்க அணை முடிஞ்சது. ஒரு ஆத்துல பார்த்ததை இன்னொரு ஆத்துக்குக் கொண்டு போகணும்னா, பார்த்தா மட்டும் போதாது. எது மாறும், எது மாறாதுன்னு பிரிக்கத் தெரியணும். அதுக்குத்தான் படிப்பு. (2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் பக்கத்து மதகு ஒன்பது அடிச்சிக்கிட்டுப் போனதுக்கு அடுத்த நாள், எங்க டீக்கடையில உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இன்ஜினியர் ஆயிட்டாங்க. அது தனிக் கதை.)

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். திருச்சியில இருந்து தஞ்சாவூர் ரோட்டுல போனா திருவெறும்பூர் தாண்டி ஒரு பக்கம் பெல் கம்பெனி, கொஞ்ச தூரம் தள்ளி துவாக்குடியில என்.ஐ.டி. காலேஜ் ஆரம்பிச்சது 1964, அப்ப ஆர்.இ.சி. பேரு மாறினது 2003-ல. பெல் உற்பத்தி ஆரம்பிச்சது 1965, செக்கோஸ்லோவாகியா உதவியோட. ஒரே ரோட்டுல ஒரு வருஷ இடைவெளியில ரெண்டு பள்ளிக்கூடம்னு நான் சொல்வேன். ஒண்ணு ஏட்டுக்கு, ஒண்ணு கைக்கு.

பெல் செய்யுறது அனல்மின் நிலையத்துக்கான பாய்லர். உள்ள இருக்கிற நீராவியோட அழுத்தத்துக்கு ஒரு வெல்டு பிட்டுக்கிச்சுன்னா உயிர் போகும். அதனால பாய்லர் குழாயை யார் வேணும்னாலும் வெல்டு அடிச்சுட முடியாது. இந்திய பாய்லர் விதிமுறைகள்னு 1950-ல வந்தது ஒண்ணு இருக்கு. அதன்படி வெல்டர் பரீட்சை எழுதணும். எழுதணும்னா பேனாவால இல்லை. ஒரு குழாயைப் பத்தவெச்சுக் கொடுக்கணும். அதை வளைச்சுப் பார்ப்பாங்க, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பாங்க. உள்ள ஒரு காத்துக்குமிழி கூடுதலா இருந்தா போச்சு. உங்க அப்பா யாரு, எந்த ஸ்கூல், எத்தனை வருஷ சர்வீஸ், இது எதுவும் எக்ஸ்ரேல தெரியாது. இருபது வருஷம் கேட்டுக்கும் கிரில்லுக்கும் வெல்டு அடிச்ச ஆள் ஃபெயில் ஆகலாம், ஐடிஐ முடிச்சு ஒழுங்கா பயிற்சி எடுத்த பையன் பாஸ் ஆகலாம். எனக்குத் தெரிஞ்சு அனுபவத்தையும் படிப்பையும் ஒரே தட்டுல வெச்சு நேர்மையா எடை போடுற பரீட்சை இதுதான்.

நாம போற காலேஜ்ல இந்த எக்ஸ்ரே இல்லை. என் சொந்தக்காரப் பையன் ஒருத்தன் இன்ஜினியரிங் கடைசி வருஷம் ப்ராஜெக்ட்டை ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்கினான். செஞ்சு கொடுத்தவனும் போன வருஷம் பாஸ் பண்ணி வேலை கிடைக்காதவன்தான். பையன் வீட்டுக்கு வந்தப்ப மோட்டார் ஸ்டார்ட்டர்ல ரிலே ட்ரிப் ஆகுது, என்னன்னு பாருப்பான்னேன். "அது எலெக்ட்ரீஷியன் வேலை பெரியப்பா"ன்னான். படிச்சது எலெக்ட்ரிகல். அவனைக் குறை சொல்ல மனசு வரலை. நாலு வருஷத்துல அவன் கையால ஒரு ஸ்டார்ட்டரைக் கழட்ட விடலைன்னா அவன் என்ன பண்ணுவான்? லேப்ல இருபது பேருக்கு ஒரு மெஷின், அதையும் தொடாதேன்னு சொல்ற அட்டெண்டர். கடன் மட்டும் தலைக்கு ஒண்ணு.

அப்ப காலேஜே வேண்டாம், நேரா வேலைக்குப் போ, அப்ரண்டிஸ் சேருன்னு சொல்லிடலாமா? எங்க ஊர்ப் பையன்கள் அதுக்கும் முயற்சி பண்றாங்க. 1928-ல நாகப்பட்டினத்துல இருந்து பொன்மலைக்கு வந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்புல நம்ம தாத்தா காலத்துல சும்மா எடுபிடியா உள்ள போய் ஃபிட்டராகி வெளிய வந்தவங்க உண்டு. இன்னைக்கு 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி ஆள் எடுக்கிறாங்க. நல்ல விஷயம், கொஞ்சம் உதவித்தொகையும் உண்டு. ஆனா யாரை எடுக்கிறாங்க? பத்தாம் வகுப்பு மார்க்கும் ஐடிஐ மார்க்கும் கூட்டி, மேல இருக்கிறவனை. கையால கத்துக்குற இடத்துக்குள்ள போகவே ஏட்டு மார்க்குதான் சாவி! எட்டாவதோட நின்னுட்டு அஞ்சு வருஷம் மெக்கானிக் ஷெட்ல கெடந்த பையனுக்கு அங்க வரிசையே கிடையாது.

அனுபவம் மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு எங்க பக்கம் ஒரு துக்கமான கதை இருக்கு. திருச்சி, புதுக்கோட்டை சுத்துப்பட்டுல செயற்கை வைரம் பட்டை தீட்டுற தொழில் ஒரு காலத்துல குடிசைக்குக் குடிசை இருந்தது. ஒரு கல்லை ஒரு குச்சி முனையில ஒட்டி, சுத்துற சாணையில வெச்சு, கண்ணாலயும் விரல்நுனியாலயும் கோணம் பார்த்துத் தீட்டணும். கடுகளவு கல்லுல அத்தனை பட்டை. அளவுகோல் கிடையாது, விரல்தான் அளவுகோல். அந்த விரலுக்கு எந்த யுனிவர்சிட்டியும் ஈடு இல்லை. அப்புறம் வெளிநாட்டுல இருந்து மெஷின்ல வெட்டின கல் மலிவா வந்து குவிஞ்சது. சில வருஷத்துல சாணை நின்னுபோச்சு. முப்பது வருஷ அனுபவம் இருந்தவங்க வாட்ச்மேன் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் வந்தாங்க. அவங்க திறமை குறைஞ்சு போகலை. அந்தத் திறமையை வேற ஒண்ணா மாத்திக்கிற வழி, கல்லோட தன்மை, மெஷின், ஏற்றுமதி, கணக்கு, இதெல்லாம் அவங்களுக்கு யாரும் சொல்லித் தரலை. கல்லணை வித்தை கல்லணையிலேயே இருந்த மாதிரி, அவங்க வித்தை அந்தச் சாணையிலேயே இருந்துடுச்சு.

இன்னொண்ணும் சொல்லணும். தமிழ்நாட்டுல "தொழில்தான் கல்வி"ன்னு யாராவது பேசினா, காது கொஞ்சம் கூர்மையாகணும். 1953-ல ராஜாஜி அரசு கிராமத்துத் தொடக்கப் பள்ளிகள்ல படிப்பு நேரத்தை மூணு மணி நேரமாக் குறைச்சு, மிச்ச நேரம் பிள்ளைங்க அப்பா அம்மாவோட தொழிலைக் கத்துக்கட்டும்னு திட்டம் கொண்டு வந்தது. காகிதத்துல பார்த்தா அழகு. செயல்வழிக் கல்வி, கைத்திறன், உழைப்புக்கு மரியாதை. ஆனா செருப்பு தைக்கிறவர் மகன் செருப்பு தைப்பான், வண்ணார் மகன் துணி வெளுப்பான், மிராசுதார் மகன்? அவன் டவுன்ல படிப்பான், அங்க இந்தத் திட்டம் கிடையாது. குலக்கல்வித் திட்டம்னு பெரியார் பேர் வெச்சு எதிர்த்தார், நாடே கொதிச்சது. 1954-ல ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து அதைத் தூக்கிப் போட்டார். அன்னைக்கு அது நின்னிருந்தா, எங்க ஊர்ச் சேரித் தெருவுல இன்னைக்கு ஒரு நர்ஸும், ரெண்டு வாத்தியாரும், ஒரு சப் இன்ஸ்பெக்டரும் இருந்திருக்க மாட்டாங்க. அப்பன்கிட்ட நிலம் இருக்கிறவனுக்கு அனுபவம் சொத்து மாதிரி தானா வந்து சேரும். இல்லாதவனுக்கு அடுத்தவன் வயல்ல கூலி அனுபவம்தான் வரும். அவனை வேற வாசல் வழியா உள்ள விட்டது அந்தக் காகிதம் ஒண்ணுதான். படிப்பு வேஸ்ட்னு பேசுற நகரத்து நண்பர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கணும். அப்படிப் பேசுறவங்க அநேகமா எல்லாரும் பட்டதாரிகள்!

விவசாயத்துக்கு வர்றேன், அதுதானே என் தொழில். காவிரித் தென்கரையில, ஜீயபுரம் பக்கம், உய்யக்கொண்டான் பாசனத்துல வாழைதான் எங்களுக்குச் சோறு போடுது. எங்க அப்பா காலத்துல ரஸ்தாளி நிறைய. இப்ப பூவன்தான் அதிகம். காரணம் வாடல் நோய். மண்ணுல இருக்கிற ஒரு பூஞ்சாணம் வேர் வழியா ஏறும். அடி இலை மஞ்சளாகி, மட்டையோட ஒடிஞ்சு, மரத்தைச் சுத்திப் பாவாடை கட்டின மாதிரி தொங்கும். கிழங்கை வெட்டிப் பார்த்தா உள்ள செம்பழுப்பா கோடு ஓடியிருக்கும். ரஸ்தாளிக்கு இது எமன். பூவன் ஓரளவு தாங்கும்.

அனுபவம் இதுக்கு என்ன சொல்லுச்சு? இலை மஞ்சளா இருக்கா, தண்ணி பத்தலை, கூட விடு. யூரியா வை. அந்தத் தண்ணியே வாய்க்கால் வழியா நோயை அடுத்த வயலுக்குக் கொண்டு போகும்னு யாருக்கும் தெரியாது. அதைவிடக் கொடுமை, கன்னு கொடுக்கிற பழக்கம். பக்கத்து வயல்காரர் கேட்டா வாழைக்கன்னு இல்லைன்னு சொல்லக்கூடாது, அது எங்க பக்கத்துப் பண்பாடு. பார்க்க வாட்டசாட்டமா இருக்கிற கன்னு, கிழங்குல பூஞ்சாணத்தோட ஊர் ஊராப் போச்சு. நல்ல மனசும் நாப்பது வருஷ அனுபவமும் சேர்ந்தே நோயைப் பரப்புச்சு. போதாவூர் தாண்டி தாயனூர்ல 1993-ல இருந்து தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கு. நோய் வந்த தோட்டத்துக் கன்னை எடுக்காதே, பூஞ்சாணம் வருஷக்கணக்கா மண்ணுல உயிரோட கிடக்கும்னு அங்கிருந்து வந்து சொன்னபிறகுதான் எங்களுக்கு உறைச்சது.

ஆனா இதுல ஒரு வேடிக்கை பாருங்க. வாடல் வந்த நிலத்துல வாழையை நிறுத்திட்டு நெல்லு போடு, தண்ணி தேங்கி நின்னா நோய் குறையும்னு அவங்க சொல்றாங்க. எங்க தாத்தா அதைத்தான் செஞ்சார்! ரெண்டு போகம் வாழை, அப்புறம் நெல்லு. கேட்டா "நெலம் மாத்திப் போடணும்டா, அதான் வழக்கம்"பார். ஏன்னு அவருக்குத் தெரியாது. தெரியாததால என்னாச்சு? வாழைக்கு நல்ல விலை வந்த வருஷங்கள்ல, "வழக்கம்தானே, இந்தத் தடவை விட்டுடுவோம்"னு எல்லாரும் வாழை மேல வாழை வெச்சாங்க. காரணம் தெரியாத அனுபவம் விலை ஏறுனதும் கைவிட்டுப் போச்சு. தாத்தாவுக்கு அந்த ஒரு வரிக் காரணத்தை யாராவது சொல்லியிருந்தா அப்பாகிட்ட சொல்லியிருப்பார், அப்பா எங்ககிட்ட சொல்லியிருப்பார்.

இதே மாதிரி மணிகண்டம் பக்கம் களர் நிலம். ஜிப்சம் போடணும், தக்கைப்பூண்டு மடக்கி உழணும்னு அனுபவசாலிகள் கொஞ்சம் தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. ஆனா களரைத் தாங்குற நெல்லு வேணும்னா நவலூர் குட்டப்பட்டு வேளாண் கல்லூரியிலதான் உருவாக்க முடியும், உருவாக்கினாங்க. திருச்சி 1, திருச்சி 3 எல்லாம் அங்க வந்ததுதான். ஒரு விவசாயி தன் ஆயுசுல அறுபது போகம் பார்ப்பான். ஆராய்ச்சி நிலையத்துல ஒரே போகத்துல நூறு ரகம் பார்க்குறாங்க. அந்தக் கணக்கை நம்மால ஜெயிக்க முடியாது.

அந்த மாதிரி வேளாண் கல்லூரிகள்ல இருந்து கடைசி வருஷப் பிள்ளைங்க கிராமத்துக்கு வந்து தங்குவாங்க. கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம்னு பேரு. நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க, "விவசாயிகளுக்கு மாணவிகள் செயல்விளக்கம்"னு எட்டாம் பக்கத்துல ஒரு போட்டோ. கோயில் வாசல்ல கோலப்பொடியால ஊரோட வரைபடம் போடுவாங்க. குளம் நீலம், வயல் பச்சை. ஊரே வந்து நின்னு, "என் வீட்டை எங்கம்மா காணோம்"னு சண்டை போடும். வாழைக்கன்னு கிழங்கைச் சீவி, சேத்துல நனைச்சு, மருந்து தூவி நடுறது எப்படின்னு எங்களுக்கே சொல்லிக் கொடுப்பாங்க. நல்ல பிள்ளைங்க. கேள்வி கேட்பாங்க, நோட்டுல எழுதிக்குவாங்க. நான் யாரையும் கிண்டல் பண்ணலை, திட்டத்தையும் குறை சொல்லலை. தமிழ்நாட்டுல எத்தனை படிப்புல இப்படிப் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்புறாங்க?

என் வருத்தம் ஒண்ணே ஒண்ணுதான். அவங்க வர்றது சில வாரம். பூவன் தார் வெட்ட நட்டதுல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். அவங்க கன்னு நடுறதைப் பார்த்தா தார் வெட்டுறதைப் பார்க்க மாட்டாங்க. ஆடிக் காத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு மரம் சாயுற சத்தம் கேட்டுப் படுக்கையில உட்கார்ந்திருக்க மாட்டாங்க. சவுக்குக் கம்பு வாங்கி முட்டுக் கொடுத்தா எவ்வளவு செலவு, கொடுக்காம விட்டா எவ்வளவு நஷ்டம், இது ரெண்டுக்கும் நடுவுல முடிவு எடுக்க மாட்டாங்க. மண்டியில ஏலம் விடும்போது நம்ம தாரோட விலை நம்ம கண்ணு முன்னாடி இறங்குறதைப் பார்க்க மாட்டாங்க. எதைப் பண்ணணும்ங்கிறதை நாலு வருஷத்துல கத்துக்குடுத்துடலாம். காசு இல்லாதப்ப எதை விட்டுடலாம்ங்கிறதை எப்படிக் கத்துக்குடுக்கிறது? எங்க பக்கம் வர்ற நல்ல விவசாய அதிகாரிக்கும் மத்தவங்களுக்கும் வித்தியாசம் அங்கதான் இருக்கு. நல்லவர் வந்ததும் முதல்ல, "கையில எவ்வளவு இருக்கு?"ன்னு கேட்பார்.

அதனால யாராவது வேளாண் கல்லூரி வாத்தியார் இதைப் படிச்சா, ஒரு வேண்டுகோள். முதல் வருஷத்துலயே பிள்ளைகளை நாலு நாலு பேரா பிரிச்சு, ஆளுக்கொரு விவசாயிகிட்ட விடுங்க. நாலு வருஷமும் அதே வயல், அதே ஆளு. வாரக் கடைசியில வந்தாப் போதும், நவலூர்ல இருந்து எங்க ஊர் ஒண்ணும் தூரமில்லை. என் தோட்டத்துல வாய்க்கால் ஓரமா அரை ஏக்கர் கொடுக்கிறேன். மாசியில நடவு. கன்னு என்னோடது, குழி வெட்ட ஆள் கூலியும் நான் பார்த்துக்குறேன். எந்த உரம், எப்ப தண்ணி, முட்டுக் கொடுக்கலாமா வேண்டாமான்னு அவங்களே முடிவு பண்ணட்டும், நான் குறுக்க வர மாட்டேன். தார் வெட்டின அன்னைக்கு மட்டும் வண்டியில அவங்களே ஏறி மண்டிக்குப் போகணும். ஏலம் முடிஞ்சு, கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் கழிச்சு கையில என்ன நிக்குதுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி எடுத்துக்கிட்டு வரட்டும்.